ஹேட்ஃபீல்டில் ஏறினால் ரோஸ்பேங்க் வரை தலை தூக்கவிடாத க்ரைம் நாவல் எது?

பொள்ளாச்சி பாலு, பிரிட்டோரியா:

வணக்கமுங்க. இங்க க்ரைம் நாவல் படிக்கிறவங்க யாராச்சும் இருக்கீங்களா?

காலேஜ் படிக்கும்போது தினமும் கோயமுத்தூர் - பொள்ளாச்சி பஸ்தான் எனக்கு. உக்கடத்துல பெட்டிக்கடை வாசல்ல கயிறு கட்டி க்ளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பாங்க. ஒண்ணை உருவிட்டு ஜன்னல் சீட்டுல உட்கார்ந்தா கணக்கு சுத்தமா இருக்கும். கிணத்துக்கடவு வர்றதுக்குள்ள ஒரு பொணம் விழுந்திருக்கணும். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குள்ள வண்டி திரும்புற நேரம் ராஜேஷ்குமாரோட விவேக் வந்து ஆளைப் பிடிச்சிருக்கணும். அந்த வேகத்துக்குப் பழகின கண்ணுங்க இது.

இப்ப வேலை தென்னாப்பிரிக்காவுல, ஜொஹானஸ்பர்க் ரோஸ்பேங்க்ல. பிரிட்டோரியா ஹேட்ஃபீல்ட்ல கௌட்ரெய்ன் ரயில் ஏறினா முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. உள்ள திங்கக்கூடாது, குடிக்கக்கூடாது, சூயிங்கம்கூட ஆகாது. போனையே பார்த்துப் பார்த்து அலுத்துப் போச்சு. ஆபீஸ்ல ஒருத்தர் "இது செம த்ரில்லர்"னு ஒரு தலையணை சைஸ் புஸ்தகம் கொடுத்தார். அறுபது பக்கம் வரைக்கும் பனி பெஞ்சுட்டே இருக்குது, போலீஸ்காரர் காபி போட்டுட்டு, விட்டுட்டுப் போன சம்சாரத்தை நினைச்சுட்டு இருக்கார். செத்தவன் யாருன்னே இன்னும் சொல்லல. மிட்ரேண்ட் ஸ்டேஷன் தாண்டுறதுக்குள்ள தூங்கிட்டேன்.

இங்கிலீஷ் படிப்பேன், ஆனா டிக்ஷனரி எடுக்கவெச்சா மூடி வெச்சுடுவேன். முடிஞ்சா இந்த நாட்டுக் கதையா இருக்கட்டும். வந்து இவ்வளவு நாளாச்சு, ஆபீஸையும் மாலையும் தவிர எனக்கு எதுவும் தெரியாது. குழந்தைகளைக் கொடுமை பண்ற கதை மட்டும் வேண்டவே வேண்டாமுங்க. வீட்டுல சின்னப் பொண்ணு இருக்கா, ராத்திரி தூக்கம் வராது. அப்புறம் விலை. இங்க புதுப் புஸ்தகம் வாங்கினா ஒரு வாரக் காய்கறிக் காசு போயிடுது.


செஞ்சூரியன் செந்தில்:

நான் உங்களுக்கு ரெண்டு ஸ்டேஷன் தள்ளி ஏறுறவன் பாலு. 'த டே ஆஃப் த ஜாக்கல்' படிச்சாச்சா? ஃப்ரெட்ரிக் ஃபோர்சித், 1971. பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொல்ல ஒருத்தனைக் கூலிக்கு அமர்த்துறாங்க. டி கோல் அப்படிச் சாகலன்னு உலகத்துக்கே தெரியும். தெரிஞ்சும் கடைசிப் பக்கம் வரைக்கும் மூச்சு முட்டும். கள்ள பாஸ்போர்ட் எடுக்கிறது, துப்பாக்கியைத் துண்டு துண்டா செய்யச் சொல்றது, எல்லாமே ஒரு வேலையைச் சுத்தமா செய்யுற ஆளைப் பார்க்கிற மாதிரி போகும். இந்த நாட்டுக் கதை இல்ல, அது மட்டும்தான் குறை. லீ சைல்ட் எழுதுற த்ரில்லரும் ஓகே. ஒண்ணு படிச்சா எல்லாம் படிச்ச மாதிரி, ஆனா ரயிலுக்கு அதுவே போதும்.


மாரிட்ஸ்பர்க் மல்லிகா:

பாலு தம்பி, இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாம வேற யார் சொல்வாங்க?

நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல ஒரு பல் டாக்டர்கிட்ட ரிசப்ஷன்ல இருக்கேன். பழைய பத்திரிகையா குவிஞ்சு கிடந்த வெயிட்டிங் ரூம்ல ஒரு ஷெல்ஃப் போட்டு, எஸ்.பி.சி.ஏ., ஹாஸ்பிஸ்னு தர்ம அமைப்புங்க நடத்துற பழைய சாமான் கடைகள்ல கிடைக்கிற பழைய பேப்பர்பேக்கை வாங்கி அடுக்கினது நான்தான். பல்வலியோட வர்ற மனுஷனுக்குப் பொறுமையே இருக்காது. அவன் கையில எடுத்த புத்தகத்தை மூணாவது பக்கத்துல வெச்சுடுறானா, பேர் சொல்லிக் கூப்பிட்டப்புறமும் விரலை அடையாளமா வெச்சுக்கிட்டே எழுந்து வர்றானா, இதை மேஜைக்குப் பின்னாலிருந்து பார்க்கிறதுதான் என் பொழுதுபோக்கு. விமர்சகர்கள் எழுதுறதை நான் நம்புறதில்ல. என் ஷெல்ஃப்லேர்ந்து எது திருட்டுப் போகுதோ அதுதான் நல்ல த்ரில்லர்.

அந்தக் கணக்குல முதல் இடம் டியான் மேயர் எழுதின 'தர்ட்டீன் அவர்ஸ்'. மூலம் ஆஃப்ரிகான்ஸ், டச்சுலேர்ந்து வந்த இந்த நாட்டு பாஷை; 2008-ல வந்தது. நீங்க கே.எல். ஸீகர்ஸ் பண்ணின இங்கிலீஷ் மொழிபெயர்ப்பைப் படிங்க, டிக்ஷனரி தேவைப்படாது. கேப் டவுன். காலைல 05:36. ஒரு அமெரிக்கப் பொண்ணு லயன்ஸ் ஹெட் மலைச்சரிவுல உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுறா. அவளோட சிநேகிதி லாங் ஸ்ட்ரீட் சர்ச் வளாகத்துல கழுத்தறுபட்டுக் கிடக்கிறா. துரத்துறது யாரு, எதுக்குன்னு நமக்கும் தெரியாது. மொத்தக் கதையும் அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுடும். விசாரிக்கிறவர் பென்னி க்ரீஸல். குடியை நிறுத்திக் கொஞ்ச நாள் ஆன மனுஷன். இவரும் சம்சாரத்தை நினைக்கிறவர்தான், ஆனா கார் ஓட்டிக்கிட்டே நினைப்பார். காபி போட உட்கார மாட்டார்.

இதுல வேகம் எங்கேர்ந்து வருதுன்னு நான் யோசிச்சிருக்கேன். சுடுறதும் குத்துறதும் கம்மிதான். யார் ஓடுறா, யார் துரத்துறா, எத்தனை மணிக்குள்ளன்னு மூணும் முதல் சில பக்கத்துலயே தெரிஞ்சுடுது. அப்புறம் அந்தப் பொண்ணு ஒரு சுவருக்குப் பின்னால ஒளிஞ்சதும் சட்டுனு வெட்டி வேற இடத்துக்குப் போயிடுவார் மேயர். அங்க எது நடந்தாலும் நம்ம காது பாதி அந்தச் சுவருக்குப் பின்னாலயே இருக்கும்.

2023-ல லோட்ஷெடிங் உச்சத்துல இருந்தப்ப ஒரு நாள், வேர் சிகிச்சைக்கு ஊசி போட்டு உட்கார வெச்சிருந்த ஒருத்தர். கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர் உள்ள இருக்கிற மெஷினுக்கு மட்டும்தான். வெயிட்டிங் ரூம் இருட்டு. போன் டார்ச்சை மரத்துப்போன தாடைக்கும் தோளுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு, வாயோரம் எச்சில் வழியுறதுகூடத் தெரியாம படிச்சுக்கிட்டிருந்தார். "உள்ள வாங்க சார்"னு நான் கூப்பிட்டதுக்கு ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார். இரு, வரேன்னு அர்த்தமாம். பல் டாக்டரைக் காக்க வெச்ச நோயாளியை அன்னிக்குத்தான் பார்த்தேன். புத்தகம் அவரோடயே போச்சு. அடுத்த தடவை ஒரு பை நிறைய அவகாடோவோட வந்தார், புத்தகம் மட்டும் வரல.

அதே மேயரோட 'ஹார்ட் ஆஃப் த ஹன்ட்டர்' உங்களுக்குக் கட்டாயம் பிடிக்கும். தொபேலா ம்பாயிபேலின்னு ஒருத்தர். விடுதலைப் போராட்டக் காலத்துல ஐரோப்பாவுல பயிற்சி எடுத்த கொலையாளி. இப்ப எல்லாத்தையும் விட்டுட்டு ஒரு மோட்டார் சைக்கிள் ஷோரூம்ல எடுபிடி வேலை. ஒரு பொம்பளை, அவளோட பையன்னு அமைதியா குடும்பம் நடத்துறார். பழைய தோழர் ஒருத்தரைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, 72 மணி நேரத்துக்குள்ள ஒரு ஹார்ட் டிஸ்க் ஜாம்பியா தலைநகர் லுசாக்காவுக்கு வந்து சேரணும்னு மிரட்டல். விமானத்துல போக வழியடைச்சுடுறாங்க. மனுஷன் ஷோரூம்லேர்ந்து ஒரு பி.எம்.டபிள்யூ ஆர் 1150 ஜிஎஸ் பைக்கை எடுத்துக்கிட்டு கிளம்பிடுறார். உளவுத்துறை, ராணுவம், ஹெலிகாப்டர் எல்லாம் பின்னால. என்-1 ஹைவேல கரூங்கிற வறண்ட பொட்டல் வழியா போயிருக்கீங்களா? மணிக்கணக்கா ஆள் இருக்காது, வீடு இருக்காது, ஒளிஞ்சுக்க ஒரு மரம் கிடையாது. அந்த ரோட்டுல ஒருத்தரைத் துரத்துறதுன்னா என்னன்னு நினைச்சுப் பாருங்க. நம்மூர்க் கதையில ஓடுறவன் சந்துல புகுந்துடுவான். இங்க சந்தே கிடையாது.

இதே தொபேலா 'டெவில்ஸ் பீக்'லயும் வருவார், க்ரீஸலும் வருவார். எல்லாரும் அதைத்தான் முதல்ல கையில கொடுப்பாங்க. நீங்க தொடாதீங்க. அதுல குழந்தைகளுக்குக் கெடுதல் பண்றவங்களைத் தேடித் தேடிக் கொல்றதுதான் கதையே. நல்ல நாவல், ஆனா உங்க வீட்டுக்கு ஆகாது. 'ட்ராக்கர்ஸ்' குண்டுப் புத்தகம், டிவி சீரியலா வேற வந்துடுச்சு. பிறகு பார்த்துக்கலாம். ரோஜர் ஸ்மித்னு ஒருத்தர் இருக்கார், கேப் டவுன் ஓரத்து ஏழைப் பகுதியான கேப் ஃப்ளாட்ஸ் கதைகள். வேகம்னா அசுர வேகம், ஆனா ரத்தம் உங்க சட்டையில தெறிக்கும். காலைல சாப்பிட்டுட்டு ரயில் ஏறுறவங்களுக்கு நான் கொடுக்க மாட்டேன்.

இப்ப எங்க ஊர்க்காரர். ஜேம்ஸ் மக்ளூர். ஜொஹானஸ்பர்க்ல பிறந்து எங்க மாரிட்ஸ்பர்க்ல வளர்ந்தவர், பத்திரிகையில க்ரைம் ரிப்போர்ட்டரா இருந்தவர். 1965-ல பிரிட்டனுக்குப் போய், அங்க உட்கார்ந்து இந்த ஊரை 'ட்ரெக்கர்ஸ்பர்க்'னு பேர் மாத்தி எழுதினார். முதல் நாவல் 'த ஸ்டீம் பிக்', 1971. பிரிட்டன்ல க்ரைம் நாவலுக்குக் கொடுக்கிற கோல்ட் டாகர் விருது அந்த வருஷம் அதுக்குத்தான். ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு செத்துப்போறா. இயற்கைச் சாவுன்னு எரிச்சுட வேண்டிய உடம்பு, சவ அடக்கம் செய்யுறவர் இடத்துல ஆள் மாறாட்டமாகி பிரேதப் பரிசோதனை மேஜைக்கு வந்துடுது. பார்த்தா, கூர் தீட்டின சைக்கிள் கம்பியால குத்தியிருக்காங்க. இதுக்கு மேல ஒரு வரி சொன்னாலும் கதை கெட்டுடும்.

விசாரிக்கிறவங்க ரெண்டு பேர். நிறவெறிச் சட்டம் இருந்த காலம். லெப்டினன்ட் க்ராமர், ஆஃப்ரிகானர், அதாவது டச்சு வழி வெள்ளைக்காரர். சார்ஜென்ட் ஸோண்டி, ஸுலு இனக் கறுப்பர். நாலு பேர் பார்க்கும்போது எஜமானும் வேலைக்காரனும் மாதிரி நடந்துப்பாங்க. கார்ல தனியா இருக்கும்போது ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் பண்ணிக்கிறதைக் கேட்கணுமே! சுஜாதாவோட வக்கீல் ஜோடி கணேஷ் - வசந்த் பிடிக்கும்னா இந்த ஜோடியும் பிடிக்கும். என்ன, வசந்த் கணேஷை வாரினா வேலை போகாது. ஸோண்டி ஒரு வார்த்தை தப்பான ஆள் முன்னால சொன்னா எல்லாமே போயிடும். அந்த பயம் ஒவ்வொரு சிரிப்புக்கும் அடியில இருக்கும். அந்தக் காலத்து வசவெல்லாம் அப்படியே வரும், நம்ம ஆட்களையும் விட்டுவைக்காது. முன்கூட்டியே சொல்லிட்டேன்.

விலைக்கு வழி நான் சொன்ன கடைகள்தான். புதுசுக்கு 15 சதவீத வாட்டும் சேர்த்து அழுறதுக்கு, பழசுல நாலு வாங்கலாம். முனிசிபல் லைப்ரரியில மேயர் கட்டாயம் இருப்பார். ஸ்டீம் பிக் கிடைச்சா மட்டும் யோசிக்காம எடுத்துடுங்க, அது அடிக்கடி கண்ணுல படாது.


கோலார் ராஜு, கார்ல்டன்வில்:

எனக்குக் கொலைக் கதை ஆகாது. காலையில் செய்தி வைத்தாலே அதுதான், அதைக் காசு கொடுத்து வேறு படிக்க வேண்டுமா என்று கேட்கிறவன் நான். ஆனால் மல்லிகா அம்மா எழுதியதைப் படித்தபிறகு ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை.

நான் கே.ஜி.எஃப்.காரன். பிறந்தது சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில். 2001 பிப்ரவரியில் கம்பெனியை மூடினார்கள், அதற்குப் பிறகு பிழைப்பு இங்கே தங்கச் சுரங்கத்தில். மூன்று கிலோமீட்டர் ஆழத்தை அங்கேயே பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இங்கே எங்கள் பக்கம் இருக்கும் எம்போனெங் நாலு கிலோமீட்டர் வரை போகிறது.

வில்பர் ஸ்மித் எழுதிய 'கோல்ட் மைன்' என்று ஒரு புத்தகம், 1970-ல் வந்தது. பிறகு ரோஜர் மூர் நடித்துப் படமாகவும் வந்தது. ஒரு சுரங்கம். அதன் பக்கத்துப் பாறைக்குப் பின்னால் ஏரி போலத் தண்ணீர். அந்தத் தண்ணீரைத் தடுத்து நிற்பது ஒரு டைக், அதாவது செங்குத்தாக நிற்கும் கற்சுவர். அதைத் துளைத்தால் சுரங்கம் மூழ்கும், பங்குச் சந்தையில் சிலர் கொழுப்பார்கள். வேண்டுமென்றே துளைக்கச் சொல்கிறார்கள். மேனேஜராக வரும் ராட் அயர்ன்சைட்ஸுக்கு விஷயம் முழுதாகத் தெரியாது, நமக்குத் தெரியும். அதனால் டிரில் ஒவ்வொரு அடி உள்ளே போகும்போதும் நமக்குத்தான் வேர்க்கிறது. அவருக்கு வேர்ப்பதில்லை.

இது கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பகுதி முழுவதும் அடியில் டோலமைட் பாறை, அதன் பொந்துகளில் தண்ணீர். டைக்குகள் அதை அறை அறையாகப் பிரித்து வைத்திருக்கின்றன. 1968 அக்டோபரில் இதே கார்ல்டன்வில் பக்கத்து வெஸ்ட் டிரீஃபொன்டெய்ன் சுரங்கத்துக்குள் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது. கான்க்ரீட் அடைப்புப் போட்டுத்தான் சுரங்கத்தைக் காப்பாற்றினார்கள். சரி, தண்ணீரை இறைத்துவிட்டால் பிரச்சினை தீருமா என்றால் அதுவும் இல்லை. தண்ணீர் போன பொந்து மேலே இருக்கும் மண்ணைத் தாங்காது. 1962 டிசம்பரில் அதே சுரங்கத்தின் கல் உடைக்கும் ஆலை, நின்ற இடத்திலேயே பூமிக்குள் போய்விட்டது. 29 பேர் இறந்தார்கள். இன்றைக்கும் இந்தப் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது அடியில் என்ன பாறை என்றுதான்.

புத்தகத்தில் பெண்களை எழுதியிருக்கும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காலத்து ஆண்பிள்ளை எழுத்து. கறுப்பினத் தொழிலாளிகளைப் பார்க்கும் பார்வையும் மேலிருந்து கீழே பார்ப்பதுதான். ஆனால் சுரங்கத்தில் இறக்கும் கேஜில் ஏறிக் கதவைச் சாத்தியதும் வயிறு மேலே வருமே, அதை எழுதியவன் கீழே இறங்கிப் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். சின்னப் புத்தகம். பாலு கேட்ட ரயில் கணக்குக்கு மூன்று நான்கு நாள்.


சாட்ஸ்வர்த் கவின்:

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே பிறந்தவன். கோயில் வகுப்பில் தமிழ் படித்தேன், மெதுவாகத்தான் எழுதுவேன், திருத்துங்கள்.

மல்லா நன் எழுதிய 'எ ப்யூட்டிஃபுல் ப்ளேஸ் டு டை' என்ற நாவலை யாரும் சொல்லவில்லையே? கதை நடப்பது 1952-ல். மொசாம்பிக் எல்லைக்குப் பக்கத்தில் சின்ன ஊர். ஊரே மதிக்கும் ஆஃப்ரிகானர் போலீஸ் கேப்டனை யாரோ சுட்டுவிட்டார்கள். இமானுவேல் கூப்பர் என்ற டிடெக்டிவ் தனியாக வருகிறார். செக்யூரிட்டி பிராஞ்ச் என்ற அரசியல் போலீஸ் ஆட்கள் வந்து கம்யூனிஸ்ட்தான் கொன்றான் என்று முடிவு செய்துவிட்டுப் பிறகு விசாரிக்கிறார்கள். யார் யாரைத் தொடலாம், யார் எந்த வாசலால் நுழையலாம் என்று அப்போது இருந்த நிறவெறிச் சட்டங்கள்தான் துப்பு. எங்கள் ஆயா சொல்லிக் கேட்ட விஷயங்கள் பல அதில் அப்படியே இருக்கின்றன. நான் இரண்டு இரவில் முடித்தேன்.

மல்லிகா ஆன்ட்டி, உங்கள் ஷெல்ஃபில் அது திருட்டுப் போனதா?


மாரிட்ஸ்பர்க் மல்லிகா:

கவின், உன் தமிழ் என் பையனோட தமிழைவிட நல்லாவே இருக்கு. திருத்த ஒண்ணும் இல்ல.

அது என் ஷெல்ஃப்ல பத்திரமா இருக்கு கண்ணு. எடுத்துப் பார்ப்பாங்க, வெச்சுடுவாங்க. கெட்ட புத்தகம்னு சொல்லல. நான் ராத்திரி வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சேன், பிடிச்சது. ஆனா ஊரையும் குடும்பத்தையும் விரிச்சு விரிச்சுச் சொல்லி நிதானமா இறுக்குற கதை அது. வலிக்கிற பல்லுக்கு நிதானம் ஆகாது. பாலுவுக்கு லாங் வீக்கெண்ட் வரட்டும்.

ராஜு அண்ணே, நீங்க கொலைக் கதை படிக்க மாட்டேன்னு சொல்லிட்டு, ஒரு சுரங்கத்தையே கொல்ற கதையைச் சொல்லிட்டுப் போயிருக்கீங்க. வில்பர் ஸ்மித் என் ஷெல்ஃப்ல ஒரு வாரம் தங்கினதா சரித்திரமே கிடையாது. தங்கம்னதும் ஞாபகம் வந்தது, டெஸ்மண்ட் பேக்லி எழுதின 'த கோல்டன் கீல்', 1963. கேப் டவுன்ல படகு கட்டுற ஒருத்தர். இத்தாலியில உலகப் போர் சமயம் ஒளிச்சு வெச்ச முசோலினியோட தங்கம் 4 டன். அதைக் கஸ்டம்ஸ் கண்ணுல படாம எப்படிக் கொண்டுவர்றது? படகோட அடிப்பாரத்தையே தங்கத்துல வார்த்துடலாம்னு கிளம்புறாங்க. துப்பாக்கியைவிட அந்த வார்ப்பு வேலைதான் எனக்கு அதிகமா பதைபதைப்பு கொடுத்தது. அச்சு எரியுது, நேரம் போகுது, வாசல்ல ஆள் நடமாட்டம். உங்களுக்குப் பிடிக்கும் ராஜு அண்ணே, போலீஸ் தொல்லையும் கம்மி.


பொள்ளாச்சி பாலு, பிரிட்டோரியா:

எல்லாருக்கும் நன்றிங்க. இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல.

லைப்ரரியில 'தர்ட்டீன் அவர்ஸ்' கிடைச்சது. பாதிக்கு மேல வந்தாச்சு. மல்லிகாக்கா, அந்தப் பொண்ணு வர்ற பக்கமெல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான், பிரமாதம். ஒரு வீட்டுத் தோட்டத்துல வந்து நிக்கிறா பாருங்க, அந்த இடத்துல மார்ல்பரோ ஸ்டேஷன் போனதும் தெரியல சாண்ட்டன் போனதும் தெரியல. ஆனா ஒரு குறைங்க. நடுநடுவுல அந்த மியூசிக் கம்பெனிக்காரர் கொலை எதுக்கு? புருஷன் சுடப்பட்டுக் கிடக்கிறார், சம்சாரம் போதை தெளிஞ்சு எழுந்திருக்குது, ஒரு இன்ஸ்பெக்டர் எல்லார் மேலயும் எரிஞ்சு விழுறார். எனக்கு அந்தப் பொண்ணு என்ன ஆச்சுன்னு தெரியணும், இவங்க பாட்டு, கான்ட்ராக்ட், பணம்னு பேசிட்டு இருக்காங்க. பேரு வேற, யாரு எந்தக் கேஸ்னு குழம்புது. அந்தப் பக்கங்களைத் தாண்டிட்டுப் படிக்கலாமுங்களா? ராஜேஷ்குமார்கூட ரெண்டு ட்ராக் வெப்பார், ஆனா நாலு பக்கத்துல திரும்பி வந்துடுவார்.

இன்னொண்ணு. ஹாஸ்பிஸ் கடையில 'த ஸ்டீம் பிக்' கிடைச்சே போச்சு! அட்டை கிழிஞ்சு, 10 ராண்டு. வீட்டுல வெச்சேன், இப்ப சம்சாரம் கையில இருக்குது. ராத்திரி பாத்திரம் கழுவுறது என் வேலையாயிடுச்சு. "இந்த ஸோண்டியை எதாவது பண்ணிடுவாங்களா, சொல்லு"ன்னு என்னைக் கேட்கிறா, நான் இன்னும் திறந்தே பார்க்கல. அவ முடிச்சதும் வரிசையில ரெண்டாவது வாங்கிடலாமுன்னு இருக்கேன். அதோட பேரு என்னங்க?


செஞ்சூரியன் செந்தில்:

ஜாக்கலை யாரும் கண்டுக்கவே இல்லையே. சரி, இருக்கட்டும்.


மாரிட்ஸ்பர்க் மல்லிகா:

செந்தில், ஜாக்கல் என் ஷெல்ஃப்லேர்ந்து போய் ரொம்ப நாளாச்சு. அதுவே பாராட்டுன்னு எடுத்துக்கோங்க.

பாலு தம்பி, தாண்டாதீங்க. தாண்டினா நீங்க படிக்கிறது வேற புத்தகம். குமுதத்துல சுஜாதா 'நைலான் கயிறு' எழுதினது 1968. எங்க வீட்டுல அம்மா அந்தத் தொடரை வாரா வாரம் கிழிச்சு பைண்ட் பண்ணி வெச்சிருந்தாங்க. நான் அதைப் பிற்பாடு ஒரே மூச்சுல படிச்சப்ப அம்மா சொல்லுவாங்க, "உனக்கு இது என்ன தெரியும், நாங்க ஏழு நாள் காத்துக்கிட்டிருந்தோம்"னு. 'தொடரும்'னு போட்டு ஒரு வாரம் தொங்க விடுவாங்களே, அந்த வேலையைத்தான் மேயர் புத்தகத்துக்குள்ளேயே செய்யுறார். வாரப் பத்திரிகை கிடையாது, அதனால காத்திருக்கிறதுக்கு இன்னொரு கொலையைக் கொடுக்கிறார். நீங்க "அந்தப் பொண்ணு என்ன ஆச்சு"ன்னு பல்லைக் கடிக்கிறீங்க பாருங்க, அந்த எரிச்சலை வெச்சுத்தான் அவர் வண்டி ஓட்டுறார்.

பேர் குழப்பத்துக்கு வழி இருக்கு. பொண்ணு கேஸ் வூசி. மியூசிக்காரர் கேஸ் டெக்கர், அந்த எரிஞ்சு விழுற ஆள். ரெண்டு பேரும் புதுசா பதவி உயர்ந்தவங்க, ரெண்டு பேரையும் மேய்க்கிற பொறுப்பு க்ரீஸலுக்கு. அதனாலதான் மனுஷன் காலைலேர்ந்து ஊருக்குக் குறுக்கும் நெடுக்கும் கார்லயே கிடக்கிறார். இந்த மூணு பேர் மட்டும் நினைவுல இருந்தா போதும், மத்தவங்க தானா ஒட்டிக்குவாங்க. டெக்கர் ஏன் அப்படி எரிஞ்சு விழுறார்ங்கிறதையும் கவனிங்க. நிறத்தை வெச்சு இந்த நாட்டுல ஒருத்தருக்குப் பதவி கிடைக்கிறதும் கிடைக்காததும் அதுல வருது. ஆபீஸ், மால் தாண்டி ஏதாவது தெரிஞ்சுக்கணும்னு கேட்டது நீங்கதானே.

ஸ்டீம் பிக் 10 ராண்டா! எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. வரிசையில ரெண்டாவது 'த கேட்டர்பில்லர் காப்', 1972. வாங்காதீங்க. அதுல கொலையாகுறது பன்னிரண்டு வயசுப் பையன், அதுவும் மோசமான விதத்துல. உங்க சம்சாரத்துக்கும் சொல்லிடுங்க. நேரா மூணாவதுக்குப் போங்க, 'த கூஸ்பெர்ரி ஃபூல்', 1974. ஒருத்தர் தன் சமையலறையிலேயே குத்துப்பட்டுச் செத்துக் கிடப்பார், வேலைக்காரரைக் காணோம், எல்லாரும் அவன்தான்னு முடிவு கட்டிடுவாங்க. அவரைத் தேடிக்கிட்டு ஸோண்டி தனியா கிளம்புவார். ஒவ்வொண்ணும் தனிக்கதைதான், நடுவுல ஒண்ணை விட்டா ஒண்ணும் குறையாது.

அந்த வரிசையில எது எங்க கிடைச்சாலும் எனக்கொரு தகவல் போடுங்க. எங்க டாக்டருக்கே ஒண்ணு வேணுமாம், ஷெல்ஃப்ல வெச்சா மறுநாள் காணோம்னு புலம்புறார்.